கொலைகாரனுக்குப் பைத்தியம் பிடித்தாக வேண்டுமா?

அன்பு ஐயா, வணக்கம். என் சிறுகதையை இணைத்திருக்கிறேன். தோட்டத்தில் அண்ணன் தம்பியை வெட்டிக் கொல்கிறான். கடைசிப் பக்கத்தில் குற்ற உணர்வு தாங்காமல் அவனுக்குப் புத்தி பேதலிக்கிறது. நாடகத்தனம் என்கிறார் நண்பர். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவும் அப்படித்தானே எழுதினார்? மனநோயாளிக்குக் குற்ற உணர்வு வருமா? கதையைப் போட்டிக்கு அனுப்பலாமா?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

போட்டி உங்கள் விருப்பம். நண்பர் சொன்னதையும் விடுங்கள். போவை இழுத்தீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்ச நாளாகவே அவருடைய ஒரு கொலைக் கதைதான் மண்டைக்குள் ஓடுகிறது.

'தி டெல்-டேல் ஹார்ட்' வெளிவந்தது 1843 ஜனவரியில். அதே மாதம் லண்டனில் மெக்நாட்டன் என்பவன், பிரதமர் என்று நினைத்து அவருடைய செயலாளரைச் சுட்டான். புத்தி சுவாதீனம் இல்லாதவன் என்று நீதிமன்றம் அவனை விடுவித்தது. அதையொட்டிப் பிறந்த விதிகளின் சாயலைத்தான் நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவிலும் பார்க்கிறோம். நோய் இருந்தால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் தான் செய்வது என்ன, அது தப்பா என்று அறியும் திறன் அவனுக்கு இருந்ததா என்று அது கேட்கும்.

இப்போது போவின் கதைக்கு வாருங்கள். கொலைகாரனே கதை சொல்கிறான். கிழவர்மேல் பாசம் என்கிறான். அவர் கண் பிடிக்கவில்லை என்று கொல்கிறான். ஏழு இரவு பொறுத்து எட்டாம் இரவு காரியத்தை முடித்து, உடலைத் தரைப் பலகைக்கு அடியில் மறைக்கிறான். இத்தனை கவனமாகச் செய்த நானா பைத்தியம் என்று நம்மிடமே வாதாடுகிறான். அரசு வக்கீலுக்கு இது போதும்: மறைத்தாயே, அப்படியானால் தப்பு என்று தெரிந்திருக்கிறது! ஆனாலும் ஒரு கண்ணுக்காகக் கொன்றவனின் புத்தி நேராக இருந்தது என்று எந்த வாசகன் சொல்வான்? தெளிவும் கோணலும் ஒரே தலைக்குள், முதல் வரியிலிருந்தே. கடைசியில் போலீசாரிடம் அவன் கத்துவதைக் குற்ற உணர்வு என்கிறார்கள். கிழவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டானா? செத்தவரின் இதயம் துடிப்பதாக அவன் காதில் கேட்கிறதே, அந்தத் துடிப்பு நின்றால் போதும் அவனுக்கு.

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? கொன்றான், பைத்தியமானான், முற்றும். கோபம் வருகிறது தம்பி.

எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் ஓர் அக்கா இருந்தார். அவர் காதில் குரல்கள் கேட்கும். பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, முந்தானை நூலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருப்பார். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஏத்துங்க" என்பார்கள். 1911இல் திறந்த மனநல மருத்துவமனையின் ஊர்ப் பெயர் நம் ஆட்களுக்கு வசவாகிவிட்டது! அவர் யாரையும் விரலால்கூடத் தொட்டதில்லை. கல்லடி பட்டதுதான் மிச்சம். அதே லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், மனைவியை வெட்டியவன் கணக்கில் கெட்டி, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியே அவனிடம் யோசனை கேட்பார். சம்சு குடித்தால் கை நீட்டுவான் என்பது லயம் முழுக்கத் தெரியும். வெட்டிய மறுநாள், "பாவம், புத்தி பேதலிச்சிருச்சு" என்றார்கள். வெட்டியவனுக்குக் கிடைத்த அந்தப் "பாவம்" அக்காவுக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. உங்கள் கடைசிப் பக்கமும் அதையேதான் செய்கிறது.

குற்ற உணர்வு வருமா என்றால், வரும். கடும் மனச்சோர்வில் செய்யாத குற்றத்துக்கே தன்னை வதைத்துக்கொள்பவர்கள் உண்டு.

உங்கள் கதையில் ஓர் இடம் நன்றாக வந்திருக்கிறது. வெட்டிய பிறகு அண்ணன் பாராங் கத்தியை அலசித் துடைத்துக் கூரையில் செருகுகிறான். அப்புறம், தம்பிக்கு எடுத்துவைத்த சோற்றை ஈ மொய்க்காமல் மூடிவைக்கிறான். ஏன் மூடினான்? அதை எழுதாமல் ஓடிவிட்டீர்கள். கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அங்கிருந்து எழுதி எனக்கு அனுப்புங்கள். நாளானாலும் பரவாயில்லை.