பதில்: கோட மாத்தி சேவ் பண்ணா பிரவுசர்ல பேஜ் வர 20 செகண்டு ஆகுது, கொடைக்கானல் நெட்தான் காரணமா?

நண்பா, நெட் மேல பழி போடாதீங்க. லோக்கல்ஹோஸ்ட், அதாவது நீங்க டெஸ்ட் பண்ற சைட், உங்க லேப்டாப்லயே ஓடுது, வைஃபைய ஆஃப் பண்ணிட்டு சேவ் பண்ணிப் பாருங்க, அப்பவும் அதே 20 செகண்டுதான்னா விஷயம் வேற. நானும் கோத்தகிரில உக்காந்து ரெண்டு மாசம் மூடுபனியையும் டவரையும் திட்டிட்டு இருந்தவன்தான்.

நீங்க விண்டோஸ்ல டபிள்யுஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டுற வசதி) போட்டு, ப்ராஜெக்ட்ட மட்டும் சி டிரைவ்லயே வச்சிருக்கேன்னு சொல்லிருக்கீங்க பாருங்க, அங்கதான் இருக்கு வில்லங்கம். லினக்ஸ்ல ஓடுற நோட் (உங்க ஜாவாஸ்கிரிப்ட் கோட ஓட்டுற நோட்.ஜேஎஸ்), சி டிரைவ்ல ஒரு ஃபைல தொடணும்னா ஒவ்வொரு தடவையும் 9பி-ங்கிற பாலம் வழியா போய்ட்டு வரணும், ப்ராஜெக்டுக்கு வேண்டிய பேக்கேஜ் எல்லாம் இருக்குற நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர்ல குட்டி குட்டியா ஆயிரக்கணக்குல ஃபைல் கெடக்கு, மேட்டுப்பாளையம் ரோட்ல சீசன் டைம்ல ஒவ்வொரு வண்டியா செக்போஸ்ட்ல நிறுத்துற மாதிரிதான். ஃபைல் மாறுனதுகூட லினக்ஸுக்கு சரியா தெரியாது, அதுக்குத்தான் யாரோ உங்கள போலிங் (ஃபைல் மாறிருக்கான்னு திரும்பத் திரும்ப போய்ப் பாக்குறது) ஆன் பண்ணச் சொல்லிருக்காங்க, அது சிபியுவ வேற திங்கும்.

லினக்ஸ் ஹோம் ஃபோல்டர்ல ப்ராஜெக்ட்ட புதுசா கிட் க்ளோன் பண்ணுங்க (கிட்ல இருக்குற கோட அப்படியே ஒரு காப்பி எடுக்குறது). பழைய நோட் மாட்யூல்ஸ காப்பி பண்ணாதீங்க, அதுல சிலது விண்டோஸுக்குன்னே பில்ட் ஆனதா இருக்கும், திரும்ப இன்ஸ்டால் குடுங்க (இதுக்கு மட்டும் நெட் வேணும், ராத்திரி போட்டுட்டு தூங்கிருங்க). போலிங்க எடுத்துருங்க. விஎஸ் கோட் எடிட்டர டபிள்யுஎஸ்எல் எக்ஸ்டென்ஷன் வழியா தொறங்க.

எனக்கு இது மட்டும் பண்ணதுக்கே சேவ் பண்ணி டீ கிளாஸ எடுக்குறதுக்குள்ள பேஜ் வந்துருது. ரேம் 8 ஜிபிதான்னா குரோம் டேப கொஞ்சம் மூடுங்க. மாத்திப் பாத்துட்டு எத்தன செகண்டு ஆகுதுன்னு போடுங்க.