தண்ணீர் விட்டும் சுருங்கும் ஆர்க்கிட்

கேள்வி: மொட்டை மாடியில் பாலித்தீன் கூரை போட்டுச் சின்னதாகப் பசுமைக்குடில் வைத்திருக்கிறேன். புனலூர் பக்கம் வாங்கிய டென்ட்ரோபியம் ஆர்க்கிட் முதல் வருஷம் ஊதாவாகப் பூத்தது. பிறகு செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் கலந்து பெரிய தொட்டிக்கு மாற்றினேன். சாரல் தொடங்கியதிலிருந்து இலை மஞ்சளாகி உதிர்கிறது, தண்டு சுருங்குகிறது. காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விடுகிறேன். பிழைக்குமா?
- ஒரு வாசகி, புளியரை

பதில்: தண்டில் பச்சை இருக்கும்வரை நம்பிக்கை இருக்கிறது அம்மா. இன்றைக்கே தண்ணீரை நிறுத்துங்கள். விட விடச் சுருங்குகிறது என்றால், உறிஞ்சுவதற்கு வேர் இல்லை என்று அர்த்தம்.

உங்கள் ஊருக்கு மேலே, ஆரியங்காவுப் பக்கத்து மரங்களில் மரவாழை தொற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலையாளத்தில் ஆர்க்கிட்டுக்கு அதுதான் பெயர். ஒரு சாரல் நாளில் பலா மரத்தடியில் ஒதுங்கியபோது அதன் வேரைக் கிட்டத்தில் பார்த்தேன். சாம்பல் வெள்ளையாகத் தொங்கிய வேர், நனைந்த இடமெல்லாம் கண்முன்னே பச்சையானது. மழை விட்டுக் காற்றடித்ததும் மறுபடி வெளுத்தது. வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கிறது. அது நனையவும் வேண்டும், காயவும் வேண்டும். டென்ட்ரோபியமும் மரத்தில் தொற்றி வளர்கிற இனம்தான். செம்மண்ணில் புதைத்தால் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும்.

செடியைத் தொட்டியோடு சாய்த்து எடுத்து வேரைக் கழுவுங்கள். ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக நிற்கும். அழுகியது வழுவழுவென்று உரிந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். கத்தரியைத் தீயில் காட்டி ஆறவைத்து, அழுகிய வேரை வெட்டி, வெட்டுவாயில் மட்டும் சமையல் பட்டைத்தூள் (இலவங்கப்பட்டை) தொட்டு வையுங்கள். இலை உதிர்ந்த பழைய தண்டுகளை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். செத்தது போலத் தெரிந்தாலும் புது முளைக்குச் சாப்பாடு அதிலிருந்துதான் போகும்.

அப்புறம், பக்கமெல்லாம் துளையுள்ள சின்ன மண்சட்டி போதும். அடுப்புக்கரித் துண்டு, உடைந்த ஓட்டுச்சில்லு, ஊறவைத்த தேங்காய் மட்டைத் துண்டு போட்டு, மேலாக நிற்கும்படி வைத்து ஒரு குச்சியோடு கட்டுங்கள். செடி ஆடிக்கொண்டே இருந்தால் புது வேர் பிடிக்காது.

குடிலின் பக்கத்துப் பாலித்தீனையும் சுருட்டிவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உங்கள் ஊர்க் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. அடைத்தால் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். மேலே 50 சதவீத நிழல்வலை இருக்கட்டும். வேர் வெளுத்த பிறகு, காலையில் மட்டும் தண்ணீர்.

இப்போதைக்கு உரம் வேண்டாம். புது முளையின் அடியில் பச்சை நுனியோடு வேர் எட்டிப் பார்த்து இரண்டு அங்குலம் வளரட்டும். பிறகு தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம், லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம், வாரம் ஒரு முறை தெளியுங்கள்.