சிறிய லோட் செல்: கொள்ளளவு கூடினால் பாதுகாப்பா?

கேள்வி: சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் சிறிய பட்டறை நடத்துகிறேன். ஒரு பாகத்தைச் சுமார் 300 நியூட்டன் விசையில் அழுத்திப் பொருத்தி, பிறகு அதே இடத்தில் 100 நியூட்டனில் இழுத்துச் சோதிக்கிறோம். இடம் மிகக் குறுகல் என்பதால் சிறிய லோட் செல் (விசையை அளக்கும் உணரி) தேவைப்படுகிறது. உள்ளூர் முகவர் கேட்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு, 5 கிலோநியூட்டன் செல் இணையத்தில் கிடைக்கிறது. அதை வாங்கலாமா? பழுதானால், குறையுள்ள பொருளுக்குத் தீர்வு தரும் லெமன் சட்டம் கைகொடுக்குமா?

பதில்: கொள்ளளவு, அதாவது அளக்கக்கூடிய உச்ச விசை, கூடினால் செல் எளிதில் சேதமடையாது என்பது உண்மைதான், ஆனால் அளவீடு அதற்கு விலை கொடுக்கிறது. லோட் செல்லின் பிழை பெரும்பாலும் முழுக் கொள்ளளவின் விழுக்காடாகவே குறிப்பிடப்படுவதால், 0.5 விழுக்காடு என்று எழுதப்பட்ட 5 கிலோநியூட்டன் செல்லில் 25 நியூட்டன் வரை பிழை வரலாம். நீங்கள் 100 நியூட்டன் இழுவிசையை அளக்கும்போது அது கால் பங்கு. அதே தரத்தில் 500 நியூட்டன் செல் என்றால் பிழை 2.5 நியூட்டன்தான். அழுத்தும்போது திடீர் மோதல் ஏற்படுமானால், மிகைச்சுமையைத் தடுக்கும் நிறுத்தி ஒன்றைப் பொருத்துங்கள், அல்லது 1 கிலோநியூட்டன் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

விலையைவிட முக்கியமானது செல்லின் வடிவம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சிறிய செல்களில் பல பொத்தான் வடிவத்தவை. அவை அழுத்துவிசையை மட்டுமே அளக்கும். உங்களுக்கு வேண்டியது இரு பக்கமும் திருகுமரை உள்ள, இரு திசையிலும் அளவுத்திருத்தம் செய்யப்பட்ட செல். ஒரே செல்லின் உணர்திறன் இழுக்கும்போதும் அழுத்தும்போதும் சற்றே மாறுபடக்கூடும் என்பதால், அழுத்துவிசைக்கு மட்டும் தரப்பட்ட சான்றிதழ் போதாது. சிங்லாஸ் (சிங்கப்பூரின் ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழா, விற்பவரே அச்சிட்ட தாளா என்பதையும் கேளுங்கள். விசை அச்சை விட்டுச் சாய்ந்து விழுந்தால் எந்தச் சான்றிதழும் உதவாது; சிறிய செல்கள் பக்கவிசையைத் தாங்குவதில்லை, ஆகவே ஒரு முனையில் கோள மூட்டு பொருத்துவது நல்லது. மெல்லிய கேபிளை இழுபடாமல் கட்டி வைப்பதும் அவசியம்.

லெமன் சட்டம் பயனீட்டாளருக்கானது. தொழிலுக்கென நிறுவனத்தின் பெயரில் வாங்கும் பொருளுக்கு அது பொருந்தாது. பொருள் விற்பனைச் சட்டம் பொருந்தும் என்றாலும், ஒப்பந்த நிபந்தனைகள் அதன் பாதுகாப்பைக் குறைத்திருக்கலாம் என்பதால் அவற்றைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். 20,000 வெள்ளி வரையிலான பிணக்குகளை, இரண்டு ஆண்டுகளுக்குள், சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுசெல்லலாம். விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் தீர்ப்பு கிடைத்தாலும் பணத்தைப் பெறுவது கடினம். முகவரின் கூடுதல் விலையில் ஒரு பகுதி இதற்கும் சேர்த்துத்தான் என்பது என் கருத்து. சோதனை முயற்சிக்கு மட்டும் என்றால் மலிவானதே போதும்.

யாரிடம் வாங்கினாலும், எந்தத் திசையில், எவ்வளவு விசையை, எதற்காக அளக்கப் போகிறீர்கள் என்பதை விலைக்குறிப்பு கேட்கும்போதே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். சொன்ன பயனுக்குப் பொருள் ஏற்றதாக இல்லை என்று பின்னர் வாதாட அந்தக் கடிதமே ஆதாரம்.