பஞ்சிங் பேக்கில் குத்தினால் சுண்டுவிரல் பக்கம் வலிக்கிறது. பயிற்சியைத் தொடரலாமா?

வேண்டாம், முதலில் வலியும் வீக்கமும் வடியட்டும். குத்தின் வேகத்தைத் தாங்க வேண்டியவை ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள். களைத்ததும் முழங்கை வெளியே விரியும், குத்து வளைந்து போகும், அடி சுண்டுவிரல் முட்டியில் விழும். அங்கே எலும்பு மெலிசு. 'பாக்ஸர் முறிவு' என்பது இதுதான். பெயர்தான் பாக்ஸருக்கு, உடைவது பெரும்பாலும் நம்மைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கு!

விரல்களை மெதுவாக மடக்கிப் பாருங்கள். சுண்டுவிரல் மோதிரவிரல் மேல் ஏறினாலோ, முட்டி அமுங்கித் தெரிந்தாலோ, வலி குறையாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். சுளுக்கு என்று நீவிவிட வேண்டாம்.

அப்புறம், தற்காப்பு என்று வந்தால், க்ளவுஸ் இல்லாமல் தலையில் குத்தாதீர்கள்; மண்டையோட்டை விடக் கைதான் முதலில் உடையும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடித்துவிட்டு, வழி கிடைத்ததும் ஓடிவிடுங்கள்.