எமில் கிமே: இரண்டு ஆண்டுகள், இரண்டு ஊர்கள்

வணக்கம். கல்லூரி மலருக்கு பிரெஞ்சுத் தொழிலதிபர் எமில் கிமேயைப் பற்றி எழுதுகிறீர்கள். சமயங்களை ஆராய அவர் அமைத்த கிமே அருங்காட்சியகம் தொடங்கிய ஆண்டு ஓரிடத்தில் 1879 என்றும் வேறோரிடத்தில் 1889 என்றும் இருப்பதாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரி. முதலில் சொந்த ஊரான லியோனில் 1879இல் திறந்தார். பிறகு சேகரிப்பை அரசுக்கு அளித்தார். பாரிஸ் கட்டடம் 1889இல் திறக்கப்பட்டது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். பலர் அதை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அவருடைய தந்தை ழான் பாப்டிஸ்ட், 1826இல் அல்ட்ராமரின் என்னும் அடர்நீல நிறமியைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தவர். அதுவரை ஓவியர்கள் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல்லை அரைத்துத்தான் அந்த நிறத்தைப் பெற்றார்கள். விலை எட்டாத உயரத்தில் இருந்தது. புதிய நிறமி மலிவானதும் ஓவியத்தோடு நிற்கவில்லை, வெள்ளைத்துணிக்குப் போடும் சலவை நீலம் வரை போனது. 1836இல் பிறந்த எமில், 1860இல் அந்தத் தொழிற்சாலையின் பொறுப்பை ஏற்றார்.

1876இல் ஓவியர் ஃபெலிக்ஸ் ரெகாமேயுடன் ஜப்பான், சீனா, இந்தியா சென்றார். சமயங்களை ஆராய்வதே நோக்கம். கியோட்டோவின் தோஜி கோயிலில் புத்தர்களும் காவல் தெய்வங்களும் மண்டல அமைப்பில் (நடுவில் ஒரு புத்தரும் சுற்றிலும் மற்றவர்களுமாக) நிற்பதைக் கண்டு, அந்தத் தொகுதியையே சிறிய அளவில் செதுக்கித் தரச் சொன்னார். அச்சிற்பங்கள் பாரிஸில் இன்றும் உள்ளன. அழகுக்காக மட்டும் வாங்கியவர் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. உங்கள் கட்டுரையை இங்கிருந்தே தொடங்கலாம்.

1918இல் இறக்கும்வரை அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தவர் அவரே.