கச்சான் காலத்தில் கயாக்

கேள்வி: நாங்கள் ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் எட்டுப் பேர். ஓகஸ்ட் லீவில் திருகோணமலைக்கு வந்து, டச்பே கரையில் இருந்து கயாக்கில், கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையைச் சுற்றி, கோட்டைக்கு வடக்கே இருக்கும் குடாவுக்குப் போக நினைத்திருக்கிறோம். இரண்டு பேருக்குத்தான் முன்பழக்கம் உண்டு. அந்த மாதத்தில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும் என்கிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லைத்தானே?
- வாசகர், வவுனியா

பதில்: குளம் மாதிரிக் கிடக்கும் என்பது உண்மைதான், தம்பி. வடகிழக்கில் இருந்து வாடைக் காற்று வீசும் காலத்தில் அந்தப் பாறையடிக்குக் கயாக்கோடு போகிற பேச்சே வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரைதான் எங்கள் பக்கத்துக் கடல் ஆட்களை உள்ளே விடும். ஆனால் அந்த அமைதி எதனால் வருகிறது என்று தெரிந்துகொண்டு வாருங்கள். அப்போது வீசுவது கச்சான். மேற்கே இருந்து தரையைக் கடந்து வந்து, கடலை நோக்கி வீசுகிற காற்று. காற்று தண்ணீரின் மேல் ஓட ஓடத்தான் அலை வளரும். கரையோரத்தில் அதற்கு ஓட இடமில்லை. அதனால்தான் கரையில் நின்று பார்ப்பவருக்குத் தண்ணீர் வழுவழுவென்று தெரிகிறது. ஒரு கிலோமீற்றர் வெளியே போய்ப் பாருங்கள், அது வேறு கடல்.

போகும்போது காற்று முதுகில் தள்ளும். நன்றாக ஓட்டுகிறோம் என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். பழக்கமில்லாத ஒருவர் மணிக்கு நாலைந்து கிலோமீற்றர் வேகத்தில்தான் கயாக்கைச் செலுத்துவார். காற்று மணிக்கு 30 கிலோமீற்றரைத் தொட்டால், அவர் துடுப்புப் போடப் போட நின்ற இடத்திலேயே நிற்பார். கை ஓய்ந்தால் கிழக்கே இழுபட்டுப் போவார். அந்தப் பக்கம் ஒதுங்குவதற்குக் கரை இல்லை.

போன பருவத்தில் இரண்டு இளைஞர்கள், இரட்டை இருக்கைக் கயாக்கில், துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கோயில் பின்னால் தெரியப் படம் எடுத்துக்கொண்டிருந்ததைக் கரையில் இருந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்களின் ஆரஞ்சு அங்கி மட்டும் இரண்டு புள்ளியாகத் தெரிந்தது. தொழிலுக்குப் போய்த் திரும்பிய ஒரு பைபர் படகு கயிறு போட்டு இழுத்து வந்தது. அந்தப் படகு அந்த நேரத்தில் வராமல் இருந்திருந்தால் என்று நினைக்க இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

சரி, எப்படிப் போவது? முந்தின நாள் இரவு வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையைப் பாருங்கள். தமிழிலும் வருகிறது, காற்றின் திசையும் வேகமும் அதில் இருக்கும். விடியற்காலையிலேயே இறங்குங்கள். இறங்கியதும் மலையை நோக்கிப் போகாமல், முதல் பத்து நிமிடம் கரையோரமாகக் காற்றுக்கு எதிரே ஓட்டிப் பாருங்கள். அதில் யார் பின்தங்குகிறாரோ, அன்றைய பயணத்தின் வேகம் அவருடைய வேகம்தான். அவரை முன்னே விடுங்கள். பழக்கமான இருவரில் ஒருவர் அவர் பக்கத்தில், மற்றவர் எல்லோருக்கும் கடைசியில். கூப்பிட்டால் கேட்கிற தூரத்துக்கு மேல் எவரும் விலகக் கூடாது. அந்தப் பத்து நிமிடத்திலேயே ஒருவர் களைத்துவிட்டால், அன்றைக்கு மலை வேண்டாம். மனம் சங்கடப்படும்தான், இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இனிப் பாறைக்கு வருவோம். சுவாமிமலை கடலில் இருந்து 100 மீற்றருக்கு மேல் செங்குத்தாக எழும்பி நிற்கிறது. அதன் அடியில் ஆழம் அதிகம். கடற்கரையில் என்றால் அலை உடைந்து ஓய்ந்துவிடும். இங்கே உடையாமல் வந்து பாறையில் மோதி அப்படியே திரும்புகிறது. கிட்டத்தில் பார்த்தால், நீர்மட்டத்தை ஒட்டிப் பாறையில் ஈரமான ஒரு கரும்பட்டை ஓடும். அலை ஒரு முழம் ஏறி அதை மூடும், அப்புறம் வெடிப்புகளுக்குள்ளால் சளசளவென்று வடியும். வடியும்போது சிப்பிகளின் கூர்முனை வெளியே தெரியும். திரும்புகிற அலையும் வருகிற அலையும் சந்திக்கிற இடத்தில் தண்ணீர் திசையில்லாமல் குத்துக்குத்தாக எழும்பும். பழக்கமில்லாதவர் அங்கேதான் பயந்து துடுப்பைத் தூக்கிவிடுகிறார். துடுப்பு தண்ணீரில் இருக்கும்வரை படகுக்குப் பிடிமானம் உண்டு, எடுத்தவுடன் ஆடும். மலையில் இருக்கும் இராவணன் வெட்டு என்ற பிளவுக்கு நேரே கீழே வந்தால் எல்லோருக்கும் கிட்டப் போய்ப் பார்க்க ஆசை வரும். குறைந்தது 50 மீற்றர் தள்ளியே நில்லுங்கள். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தாலே கோயில் தெரியும், மலையில் இருந்து பார்ப்பவர்களுக்கு அந்தக் காட்சி கிடைக்காது.

ஆறு பேர் புதியவர்கள் என்பதால் சுற்றிப் போவதை இரண்டாம் நாளுக்கு வையுங்கள். முதல் நாள் உப்புவெளியில் கரையோரமாகப் பழகுங்கள். இரண்டாம் நாளும் ஒரு மீனவரின் படகைப் பேசிப் பின்னால் வரச் செய்யுங்கள், அதில் காசு பார்க்காதீர்கள். கோட்டைக்குள் இராணுவம், துறைமுகத்துக்குள் கடற்படை. எனவே கயாக் வாடகைக்குத் தருபவர் அனுமதி பற்றிக் கதைத்துவிட்டாரா என்று கேளுங்கள். துறைமுக வாய்ப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு நீச்சல் தெரியாது. கம்பஸ் நண்பர்களோடு கயாக் ஓட்டப் போகிறாளாம். லைஃப் ஜக்கெற் போட்டால் போதும் என்கிறாள். விடலாமா?
- ஒரு தாய், மட்டக்களப்பு

பதில்: விடலாம் அக்கா, ஒரு நிபந்தனையோடு. இடுப்பளவு தண்ணீரில் கயாக்கை வேண்டுமென்றே ஒரு தடவை கவிழ்த்து, வெளியே வந்து, படகைப் பிடித்துக்கொண்டு மிதந்து பார்க்கட்டும். முகத்தில் தண்ணீர் பட்டதும் பதறுகிற பிள்ளை என்றால், மணல் கரையோரம் ஓட்டட்டும். பாறைப் பக்கம் இந்த வருடம் வேண்டாம்.

ஜக்கெற்றைப் போட்டுப் பட்டிகளை இறுக்கிய பிறகு, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரைக்கும் ஏறினால் அது அவளுக்குப் பெரிது, தண்ணீரிலும் அப்படித்தான் ஏறும். வாடகை ஜக்கெற்றில் கொழுவி உடைந்திருப்பது சாதாரணம். ஒவ்வொன்றையும் பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டாமல் ஜக்கெற்றிலேயே கட்டிவிடுங்கள். கவிழ்ந்தால் கரை கிட்டத்தானே என்று படகை விட்டுவிட்டுப் போகக் கூடாது. படகு மிதக்கும், தூரத்தில் இருந்தும் தெரியும். தலை மட்டும் தண்ணீருக்கு மேலே இருந்தால் யாருக்கும் தெரியாது.

கேள்வி: நிலாவெளியில் இருந்து புறாத்தீவுக்குக் கயாக்கிலேயே போய்விடலாமா?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: தூரம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான். என்றாலும் நான் போகச் சொல்லமாட்டேன். சுற்றுலாப் படகுகள் இடைவிடாமல் ஓடுகிற வழி அது, தாழ இருக்கிற கயாக் ஓட்டியின் கண்ணில் படுவது கடினம். 2003 முதல் அது தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் எடுக்க வேண்டும். தீவைச் சுற்றிப் பவளப் பார் ஆழமில்லாமல் கிடக்கிறது. கயாக்கின் அடி உரசினால் கிளை முறியும், அது திரும்ப வளரப் பல வருடங்கள் எடுக்கும். டிக்கெட்டோடு படகுக்காரரையும் பேசிக் காலையிலேயே போங்கள். மீன் பார்க்க முகக்கண்ணாடியும் சுவாசக் குழாயும் போதும்.