உதிரப்போக்கு: டாக்டரம்மாவிடம் கேட்டவை

(சாலையும் மின்சாரமும் சரியாக எட்டாத ஊர்களில் பிரசவம் பார்க்கும் செவிலியர்களுக்குப் பயிற்சி தரும் மகப்பேறு மருத்துவர் இவர். பிள்ளை பிறந்தபின் ஏற்படும் உதிரப்போக்கு பற்றிய கேள்விகளுக்கு அவர் தந்த பதில்கள்.)

பிள்ளை பெற்றால் ரத்தம் போகத்தானே செய்யும்? எவ்வளவு வரை பயப்பட வேண்டாம்?

500 மில்லி என்பது பழைய கோடு. 300 மில்லி போயிருக்கும்போதே நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ மாறியிருந்தால் உடனே சிகிச்சையைத் தொடங்கச் சொல்லி, உலக சுகாதார நிறுவனம் 2025இல் வழிகாட்டுதலை மாற்றிவிட்டது. சரி, போனது 300 என்று உங்களுக்கு யார் சொன்னது? சேலை குடித்தது கொஞ்சம், பாயில் ஊறியது கொஞ்சம், பனிக்குட நீரோடு கலந்து ஓடியது கொஞ்சம். கண்ணளவு எப்போதும் குறைத்தே சொல்லும். அனுபவம் கூடினால் கண் சரியாகிவிடும் என்பதும் பொய்.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. புது மருந்து எதுவும் அதில் இல்லை. தாயின் இடுப்புக்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. ரத்தம் கோட்டைத் தொட்டதும் கருப்பையை அழுத்தித் தேய்ப்பது, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின், ரத்தக் கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்ற பரிசோதனை எல்லாம் ஒரே மூச்சில். ஒன்றைச் செய்து பலிக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும் வழக்கத்தை விட்டார்கள். ஒரு லிட்டரோ அதற்கு மேலோ ரத்தம் போவது, ரத்தத்தை நிறுத்த வயிற்றைத் திறப்பது, ரத்தம் போயே சாவது, இவை மூன்றும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன.

நான் துணைச் செவிலியர். பி.பி. நன்றாக இருந்தால் கொஞ்ச நேரம் பார்க்கலாம்தானே?

கூடாது. இளம்பெண்ணின் உடம்பு ஒரு லிட்டர் போகும்வரைகூட ரத்த அழுத்தத்தைத் தாக்குப்பிடிக்கும். பிறகு ஒரேயடியாகச் சரியும். முதலில் ஏறுவது நாடி. அதை எண்ணுங்கள்.

எங்கள் நிலையத்தில் ஃபிரிட்ஜ் ஓடுவதே அதிசயம். ஆக்ஸிடோசினை வெளியே வைத்தால் என்ன ஆகும்?

வீரியம் குறையும். பார்த்தால் தெரியாது, தண்ணீர் போலத்தான் இருக்கும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து அது. உங்கள் நிலைமைக்கு அதே வேலையைச் செய்யும், வெப்பம் தாங்கும் கார்பெட்டோசினைக் கேட்டு வாங்குங்கள். 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் ஒப்பிட்டதில் ஆக்ஸிடோசினுக்கு அது சளைக்கவில்லை என்று 2018இல் தெரிந்தது. ஆனால் அது தடுப்பதற்கு. ரத்தம் கொட்டத் தொடங்கியபின் ஆக்ஸிடோசின்தான் முதல் ஆயுதம்.

நஞ்சு (நஞ்சுக்கொடி) விழத் தாமதமானால் தொப்புள்கொடியைப் பிடித்து இழுக்கலாமா?

இழுக்காதீர்கள். கருப்பையே உள்வெளியாகப் புரண்டு வந்துவிடும். பயிற்சி பெற்றவர் ஒரு கையால் கருப்பையைத் தாங்கிக்கொண்டு இழுப்பது வேறு.

கருப்பையைச் சுருங்க வைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையைக் கர்ப்பிணி கையிலேயே கொடுத்தனுப்புகிறார்களாமே? இது சரியா?

ஊசி போட ஆளே இல்லாத இடத்தில், சரி. கர்நாடகத்தின் பெல்காம் பகுதியில் துணைச் செவிலியர்கள் வீட்டிலும் துணை நிலையங்களிலும் நடந்த பிரசவங்களில் பிள்ளை பிறந்ததும் 600 மைக்ரோகிராம் விழுங்கக் கொடுத்தார்கள். 12 சதவீதமாக இருந்த உதிரப்போக்கு 6.4 ஆனது; ஆய்வு வெளிவந்த ஆண்டு 2006. செவிலியரும் வர முடியாத இடங்களில் முன்கூட்டியே தாயிடம் கொடுத்து வைக்கலாம், கண்காணிப்போடு, என்று உலக சுகாதார நிறுவனமும் 2020இல் சொல்லியிருக்கிறது. குளிர்பெட்டி வேண்டாம், ஊசி வேண்டாம். குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரலாம், தணிந்துவிடும்.

(வேறொரு மருத்துவர்) டாக்டரம்மா, இது பொறுப்பற்ற பேச்சு. பிள்ளை பிறக்குமுன் விழுங்கினால் கருப்பை கிழியும். நான் எதிர்க்கிறேன்.

பயம் நியாயமானதுதான், டாக்டர். அதனால்தான் மாத்திரையோடு பேச்சும் போக வேண்டும் என்கிறேன். பிள்ளை வெளியே வந்தபின்தான் விழுங்க வேண்டும். அதற்கு முன் வயிற்றைத் தடவி, உள்ளே இன்னொரு பிள்ளை இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அவளுக்கு மட்டும் சொன்னால் போதாது. வலியில் இருப்பவளுக்கு எது ஞாபகம் இருக்கும்? கூட இருக்கப்போகும் மாமியாருக்கும் கணவருக்கும் சொல்ல வேண்டும்.

(அவரே) மாத்திரை இருக்கிறதென்று ஆஸ்பத்திரிக்கே வரமாட்டார்கள்.

மாத்திரையை மறைத்தால் சாலை வந்துவிடுமா? ஆற்றில் வெள்ளம் வரும் மாதத்தில் அவள் எப்படியும் வீட்டில்தான் பெறப்போகிறாள். அங்கே உங்கள் கொள்கை அவளுக்குத் தருவது வெறுங்கையை. ஆஸ்பத்திரிக்கு வா என்று சொல்வதும், வர முடியாமல் போனால் இதை விழுங்கு என்று சொல்வதும் ஒரே வாயால் சொல்லக்கூடியவைதான்.

(இன்னொருவர்) கருக்கலைப்புக்குப் பயன்படுத்திவிடுவார்களே?

நிறைமாதத்துக்கு அருகில் எண்ணிக் கொடுக்கும் மூன்று மாத்திரை. பயன்படாததைத் திரும்ப வாங்குங்கள். இந்த விவாதம் போதும்.

டிரானெக்ஸாமிக் அமிலம் எப்போது?

பிள்ளை பிறந்து 3 மணி நேரத்துக்குள், 1 கிராம், நரம்பு வழியாக, பத்து நிமிடத்தில் மெதுவாக. 15 நிமிடம் தாமதித்தால் பலனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடும். 'மேலிடத்துக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம்' என்று வண்டியில் ஏற்றாதீர்கள். போட்டுவிட்டு ஏற்றுங்கள்.

எவ்வளவு ரத்தம் போனால் ஆபத்து?

முதல் கேள்வியைப் படியுங்கள்.

பிள்ளையைப் பால் குடிக்க விட்டால் ரத்தம் நின்றுவிடுமாமே?

விடுங்கள், நல்லதுதான். அதையே சிகிச்சை என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீர் கழிக்கவும் வையுங்கள். பை நிறைந்திருந்தால் கருப்பை சுருங்காது.

கொடியை லேசாக இழுத்தால்கூடவா?

லேசாகவும் கூடாது.

மேல் ஆஸ்பத்திரி நான்கு மணி நேரத் தூரம். வழியில் என்ன செய்வது?

அதிர்ச்சி தடுக்கும் உடை கிடைத்தால் மாட்டிவிடுங்கள். கால், இடுப்பு, வயிறு எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்து, இருக்கும் ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் தள்ளும். நேரம் வாங்கித் தரும், அவ்வளவே. அங்கே போய்ச் சேர்ந்ததும் அவசரப்பட்டுக் கழற்ற விடாதீர்கள். உடை இல்லையென்றால், பயிற்சி உள்ளவர் தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியால் பெருந்தமனியை முதுகெலும்போடு சேர்த்து அழுத்திப் பிடிக்கலாம். தொடையிடுக்கில் நாடி தென்படாத அளவுக்கு அழுத்தம் வேண்டும். கை வலிக்கும், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். வண்டியும் ரத்தம் கொடுக்க ஆளும் ஒன்பதாம் மாதமே முடிவாகியிருக்க வேண்டும். வலி வந்தபின் வண்டி தேடுவது, பணம் புரட்டுவது, வீட்டுப் பெரியவரைக் கேட்பது, இவற்றிலேயே பாதி உயிர் போகிறது.

ஆபத்து யாருக்கென்று முன்பே தெரியுமா?

இரட்டைப் பிள்ளை, முன்பு ஒருமுறை இப்படிப் போனவர், நீண்ட பிரசவம், கருப்பையின் வாயருகே கீழே படிந்த நஞ்சு. ஆனால் இந்தப் பட்டியலில் இல்லாதவர்களுக்கும் நிறையவே போகிறது. ஆகவே எல்லோருக்கும் மருந்து, எல்லோருக்கும் அளவு விரிப்பு. ரத்தசோகையைக் கர்ப்பத்திலேயே சரிசெய்யுங்கள்.

வீட்டுக்கு வந்து பத்தாம் நாள் மறுபடி ரத்தம் போகிறது. காய்ச்சலும் இருக்கிறது.

உள்ளே நஞ்சின் துண்டு தங்கியிருக்கலாம், கிருமி தொற்றியிருக்கலாம். பதிலைப் படித்ததும் கிளம்புங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பிள்ளை பிறந்த தேதி, நஞ்சு முழுதாக விழுந்ததா, ஒரு மணி நேரத்தில் எத்தனை துணி நனைகிறது, இந்த மூன்றையும் போனதும் சொல்லுங்கள்.